பதினைந்து டன் தொப்பி

1899ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ரஷ்யப் பேரரசின் மேற்கு மூலையில் ஒரு வதந்தி கிளம்பியது. நவம்பரில் வானத்திலிருந்து நெருப்பு மழை கொட்டும், அத்தோடு உலகம் முடிந்தது என்று. பியாலிஸ்டாக் நகரில் படித்துக்கொண்டிருந்த, பதினேழு வயதுகூட நிரம்பாத மாணவன் ஒருவன் அதற்குப் பதிலாக ஒரு கட்டுரை எழுதினான். குரோத்னோ மாகாணச் செய்தித்தாள் அதை அச்சிட்டது. வரப்போவது லியோனிட் எரிகல் பொழிவு, பயப்பட ஒன்றுமில்லை என்பதுதான் சாரம். வானியலாளர்கள் எதிர்பார்த்த அளவுக்குக்கூட அந்த ஆண்டு எரிகற்கள் விழவில்லை. உலகமும் முடியவில்லை, வாணவேடிக்கையும் நடக்கவில்லை.

மாணவனின் பெயர் யாக்கவ் பெரெல்மான். 1882இல் பிறந்தவர். தந்தை துணி ஆலையில் கணக்கர். குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள்ளாகவோ சற்றுப் பின்னரோ இறந்துபோனார். தாய் தொடக்கப்பள்ளி ஆசிரியை. 1901இல் பீட்டர்ஸ்பர்க் வனவியல் கழகத்தில் சேர்ந்து 1909இல் பட்டம் வாங்கினார் பெரெல்மான். ஆனால் காட்டுப் பக்கம் வேலைக்குப் போகவே இல்லை. படிக்கும்போதே ‘இயற்கையும் மனிதரும்’ என்ற இதழில் எழுதத் தொடங்கி, பிறகு அங்கேயே ஆசிரியர் குழுவில் தங்கிவிட்டார். பௌதிகத்தில் பட்டமில்லை, ஆய்வுக்கூடமில்லை, கண்டுபிடிப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. வாசகர் எந்த வரியில் பக்கத்தைப் புரட்டிவிடுவார் என்பது மட்டும் தெரியும். பத்திரிகை கொடுத்த படிப்பு அது.

1913இல் அவருடைய ‘பொழுதுபோக்கு பௌதிகம்’ முதல் பாகம் வந்தது. 1916இல் இரண்டாம் பாகம்.

குழந்தைகளுக்கு அறிவியல் எழுதுகிற பலர் கதையை மாத்திரைக்குத் தடவிய சர்க்கரையாகவே பயன்படுத்துகிறார்கள். பெரெல்மான் கதையையே மேசைமேல் கிடத்தி அறுத்துப் பார்த்தார். ஜூல் வெர்னின் நாவலில் மூன்று பேர் ஒரு குண்டுக்குள் உட்கார்ந்துகொள்ள, பிரம்மாண்டமான பீரங்கி அவர்களை நிலவை நோக்கிச் சுடுகிறது. போக முடியுமா? இங்கேதான் பெரெல்மான் பென்சிலை எடுக்கிறார். குழலுக்குள் குண்டு ஓடும் தூரம் ஏறக்குறைய 210 மீட்டர். வெளியே வரும்போது வேகம் நொடிக்கு 16 கிலோமீட்டர். அப்படியானால் குழலைக் கடக்க ஆகும் நேரம் ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு. அந்த இமைப்பொழுதில் உள்ளே இருப்பவர்களின் எடை அறுபதாயிரம் மடங்குக்கும் மேல் கூடிவிடும். தலையில் இருக்கும் தொப்பி கால் கிலோ என்று வைத்துக்கொண்டால், அது 15 டன். நிலவுக்குப் போவதற்கு முன்பே தொப்பி ஆளை நசுக்கிவிடும்.

முடுக்கம் என்ற பாடத்தை இதற்குமேல் யாரும் மறக்க முடியாதபடி நடத்திவிட முடியுமா என்பது சந்தேகமே. வெர்னை மட்டம்தட்டுவது அவர் நோக்கமல்ல. வெர்னின் பெரும் ரசிகர் அவர். 1914இல் அதே நாவலுக்குத் தாமே ஒரு கூடுதல் அத்தியாயம் எழுதி வெளியிட்டார். எடையற்ற சமையலறையில் காலை உணவு தயாரிக்கும் காட்சி அது. குப்பியைக் கவிழ்த்தால் தண்ணீர் விழாது. உலுக்கினால் உருண்டையாகத் திரண்டு மிதக்கும். அடுப்பு தானாக அணைந்துபோகும். எரிந்த வாயு இலேசாகி மேலே போனால்தானே புதுக் காற்று உள்ளே வரும்? எடையே இல்லாத இடத்தில் மேலென்ன, கீழென்ன. விண்வெளியில் மனிதன் கால்வைக்க இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது.

எச்.ஜி. வெல்ஸும் தப்பவில்லை. அவருடைய கண்ணுக்குத் தெரியாத மனிதனுக்குக் கண்ணே தெரியாது என்றார் பெரெல்மான். ஒளியை வளைக்காமல், தடுக்காமல் விட்டுவிடும் கண்ணில் பிம்பம் விழ வழியில்லை. 1934இல் வெல்ஸ் லெனின்கிராட் வந்தபோது அவரைச் சந்தித்த எழுத்தாளர்களில் பெரெல்மானும் ஒருவர்.

எல்லாவற்றுக்கும் நாவல் தேவைப்படவில்லை. ஒரு நாற்காலி போதும். முதுகை நிமிர்த்தி, பாதங்களை நாற்காலிக்கடியில் இழுக்காமல், உடம்பை முன்னால் சாய்க்காமல் எழுந்திருங்கள் என்கிறார். யாராலும் முடியாது. உடலின் புவியீர்ப்பு மையம் பாதங்களுக்கு மேலே வந்தாலொழிய எழ முடியாது. நாளெல்லாம் செய்கிற காரியம் சட்டென்று விசித்திரமாகிவிடுகிறது. புதிய தகவல்களைச் சொல்வதைவிட, வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்ததை அவருக்கே புரியவைப்பதுதான் தம் வேலை என்று முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார்.

1935 அக்டோபரில் இந்தப் புத்தகங்களுக்கு ஒரு கட்டடமும் கிடைத்தது. லெனின்கிராடில் ஃபன்டான்கா ஆற்றங்கரையில் இருந்த பழைய ஷெரெமெத்தியெவ் பிரபுக்களின் மாளிகையில் ‘பொழுதுபோக்கு அறிவியல் இல்லம்’ திறக்கப்பட்டது. அருங்காட்சியகங்களில் எதையும் தொடக்கூடாது என்றிருந்த காலத்தில், இங்கே எல்லாம் பிள்ளைகள் தொட்டு, திருகி, இழுத்துப் பார்க்கவே செய்யப்பட்டவை. கணித அறையில் அண்ணாந்து பார்த்தால் கருநீல விதானம் முழுக்க மஞ்சள் புள்ளிகள், மொத்தம் பத்து லட்சம். ஆறு சுழிகளை எழுதிக் காட்டுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு கழுத்து வலிக்கும்போது தெரியும். சிற்றுண்டிச் சாலையிலும் நிம்மதி கிடையாது. தேநீரைக் கலக்கினால் கரண்டி உருகிப்போகும். குறைந்த சூட்டிலேயே உருகும் உலோகக் கலவையில் செய்தது.

1941 ஜூனில் போர் வந்தது, இல்லம் மூடப்பட்டது. முற்றுகைக்குள் சிக்கிய நகரில், அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த பெரெல்மான், படைவீரர்களுக்கும் கொரில்லாப் போராளிகளுக்கும் வகுப்பு எடுத்தார். கருவி இல்லாமல் திசை அறிவது, தூரத்தைக் கண்ணாலேயே மதிப்பிடுவது. பெரும்பாலும் நடந்தே போனார். மருத்துவரான மனைவி 1942 ஜனவரியில் இறந்தார். மார்ச் 16ஆம் தேதி பெரெல்மான் பட்டினியில் இறந்தார். இல்லத்தின் காட்சிப்பொருள்களும் போரில் அழிந்தன. இன்று அதே வளாகத்தில் கவிஞர் அன்னா அக்மதோவாவின் நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது.

புத்தகங்கள் பிழைத்தன. மாஸ்கோவின் மீர் பதிப்பகம் அவற்றைப் பல மொழிகளில் அச்சிட்டது. கெட்டி அட்டையும் மலிவு விலையுமாகத் தமிழிலும் வந்து, நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியே ஊர் ஊராகப் போனது. ரஷ்யக் குளிரையும் ஸ்லெட்ஜ் வண்டியையும் தமிழ்ப் பிள்ளைகள் கற்பனை செய்துகொள்ள வேண்டியிருந்தாலும், வண்டிச் சக்கரம் பற்றிய புதிருக்கு அந்தச் சிரமம் இல்லை. ஓடும் வண்டியின் சக்கரத்தில் மேல்பாதி ஆரக்கால்கள் கலங்கித் தெரிய, கீழ்ப்பாதி ஆரக்கால்களை எண்ணிவிடலாம் போலிருப்பது ஏன்? தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது. உச்சியிலிருக்கும் புள்ளியோ வண்டியின் வேகத்தைப்போல் இரண்டு மடங்கில் பாய்கிறது. மாட்டுவண்டி கிடைக்காதவர்கள் சைக்கிளில் பார்க்கலாம்.