கட்டை வண்டி, டயர் வண்டி, ஜீப்பு: கம்பம் பள்ளத்தாக்கின் சக்கரக் கதை

கார் வாங்கின கையோட நம்மில் பலர் செய்ற முதல் வேலை, கம்பெனி போட்டுக் கொடுத்த சக்கரத்தைக் கழற்றிட்டு பெரிய அலாய் வீல் மாட்டுறது. பார்க்க கெத்தா இருக்கு, சரி. ஓடுறதுல என்ன மாறும்? இந்தக் கேள்வியைச் சென்னை ஷோரூம்ல கேட்காம, தேனி மாவட்டம் காமயகவுண்டன்பட்டிக்கு எடுத்துட்டுப் போவோம். உள்ளூர்ல சுருக்கமா கே.கே.பட்டி. சுற்றிலும் திராட்சைத் தோட்டம், நெல் வயல், நிமிர்ந்து பார்த்தா மேற்குத் தொடர்ச்சி மலை. கட்டை வண்டி, டயர் வண்டி, ரேக்ளா, ஜீப்புன்னு நாலு விதமான சக்கரத்தையும் ஒரே ஆயுசுல பார்த்த பெரியவங்க இந்தப் பள்ளத்தாக்கு ஊர்கள்ல இன்னும் இருக்காங்க.

பெரிய சக்கரம் ஏன் வந்தது?

1887-ல் பென்னிகுயிக் தலைமையில முல்லைப் பெரியாறு அணை வேலை தொடங்குது. 1895-ல் தண்ணி பள்ளத்தாக்குக்கு வருது. அப்போ இந்தப் பக்கம் ரயில் கிடையாது. அம்மையநாயக்கனூர், அதாவது இன்றைய கொடைரோடு ஸ்டேஷன்தான் கிட்ட இருந்த ரயில். அங்கிருந்து கூடலூர் வரைக்கும் சுமார் 100 கிலோமீட்டர். சாமான்களை இழுத்தது மாடுகள்தான்.

அந்தக் கட்டை வண்டிச் சக்கரம் ஆள் நெஞ்சு உயரம் இருக்கும். நடுவுல குடம், அதுல இருந்து ஆரக்கால், அதைச் சுத்தி வட்டை, மேலே இரும்புப் பட்டா. பட்டாவை நெருப்புல பழுக்கக் காய்ச்சினா விரியும். சக்கரத்துல மாட்டி தண்ணி ஊத்தினா சுருங்கி இறுகப் பிடிச்சுக்கும். ஆணியைவிடப் பலமான பிடி.

ஏன் அவ்வளவு உயரம்? ஒரு கல்லு குறுக்க கிடக்குன்னு வைங்க. சின்னச் சக்கரத்துக்கு அது சுவர் மாதிரி. பெரிய சக்கரத்துக்கு அது ஒரு சின்ன மேடு. பள்ளத்துலயும் அதே கதைதான். பிரான்சுல 19-ஆம் நூற்றாண்டுல டுபுய், மோரின்னு ரெண்டு பொறியாளர்கள் இதைப் பத்தியே சண்டை போட்டாங்க. சக்கரம் பெருசானா இழுக்குற சுமை குறையும்ங்கிறதுல ரெண்டு பேருக்கும் சம்மதம். எவ்வளவு குறையும்ங்கிறதுலதான் தகராறு.

ஆனா இரும்புப் பட்டாவுக்கு ஒரு குணம் இருக்கு. குறுகலா இருக்கிறதால ரோட்டைக் கத்தி மாதிரி அறுக்கும். இங்கிலாந்துல 1753-லயே ரோட்டைக் காப்பாத்த அகலச் சக்கரத்துக்குன்னு சட்டம் போட்டாங்க.

காத்து வந்து கணக்கை மாத்துச்சு

காத்தடைச்ச டயருக்கு ராபர்ட் தாம்சன் 1845-லயே காப்புரிமை வாங்கிட்டார். யாரும் கண்டுக்கல. 1888-ல் பெல்ஃபாஸ்ட்ல டன்லப் அதையே சைக்கிளுக்காகத் திரும்பக் கண்டுபிடிச்சார். 1936-ல் டன்லப் கம்பெனி வங்காளத்துல சாகாகஞ்ச்ல தொழிற்சாலை போட்டுச்சு. மாட்டு வண்டிக்குன்னே தனி டயரும் சந்தைக்கு வந்தது. அதுதான் நம்ம ஊர் 'டயர் வண்டி'.

இங்க ஒரு புதிர். டயர் வண்டிச் சக்கரம் இடுப்பளவுதான். சின்னச் சக்கரம்னா இழுக்கக் கஷ்டம்னு இப்பதானே சொன்னோம்? அப்புறம் எப்படி தார் ரோட்டுல டயர் வண்டி இழுக்க லேசா இருந்தது?

விடை இதுதான். மரச் சக்கரம் கல்லு மேல ஏறணும்னா வண்டி மொத்தமும் ஏறணும். காத்து டயர் கல்லைத் தனக்குள்ள அமுக்கிக்குது, வண்டி அப்படியே கடந்து போகுது. உயரம் செய்ற வேலையைக் காத்து செஞ்சிடுச்சு.

மாட்டுக்கு நிம்மதின்னு நினைப்போம். நடந்தது வேற. இழுக்க லேசா இருக்குன்னு மனுஷன் பாரத்தைக் கூட்டினான். ஏத்தத்துல இழுக்கிற கஷ்டம் திரும்ப வந்துச்சு. சரிவுல பிரேக் இல்லாத வண்டி மாட்டோட கழுத்தை முன்னால தள்ளுச்சு. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தோட முதல் இயக்குநர் என்.எஸ்.ராமசாமி 1970-கள்ல இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: நாட்டுல கோடிக்கும் மேல மாட்டு வண்டி ஓடுது, நுகத்தடி, சக்கரம், பிரேக் எல்லாத்தையும் சீர்திருத்துங்கன்னு. அது பெருசா நடக்கிறதுக்குள்ள டிராக்டரும் லாரியும் வந்துடுச்சு.

ரேக்ளா சொல்ற பாடம்

இப்போ எடைக்கு வருவோம். தேனிப் பக்கம் மாட்டு வண்டிப் பந்தயத்துல பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டாஞ்சிட்டுன்னு பிரிவுகள் உண்டு. 2014 உச்ச நீதிமன்றத் தடை, 2017 தமிழ்நாடு சட்டத் திருத்தம், 2023 மே மாதம் அந்தச் சட்டம் செல்லும்ங்கிற தீர்ப்பு எல்லாம் தாண்டி அது நடக்குது.

பந்தய வண்டியைப் பார்த்தா சரக்கு வண்டியோட எலும்புக்கூடு மாதிரி இருக்கும். சக்கரமும் மெலிசு. காரணம் இருக்கு. வண்டியோட உடம்புல இருக்கிற எடை முன்னால மட்டும் போகுது. சக்கர விளிம்புல இருக்கிற எடை முன்னாலயும் போகணும், சுத்தவும் சுத்தணும். அதனால வேகம் எடுக்கும்போது விளிம்புல இருக்கிற 1 கிலோ, தட்டுல இருக்கிற 2 கிலோவுக்குச் சமம். நிறுத்தும்போதும் இதே கணக்குதான்.

இப்போ உங்க கார்

அம்பாசடருக்கு 15 இன்ச் சக்கரம். 1983-ல் வந்த மாருதி 800-க்கு 12 இன்ச். ரோடு நல்லா ஆக ஆக, சின்னச் சக்கரம் போதும்னு ஆச்சு. இப்போ நாம திரும்பப் பெருசுக்குப் போறோம், பெரும்பாலும் அழகுக்காக.

உங்க டயர்ல 185/65 ஆர் 15-னு இருக்குன்னு வைங்க. மொத்த உயரம் சுமார் 621 மில்லிமீட்டர். 195/55 ஆர் 16-க்கு மாறினா உயரம் கிட்டத்தட்ட அதேதான். ஆனா ரப்பர் சுவர் 120-ல் இருந்து 107 மில்லிமீட்டரா குறையுது. வளைவுல பிடிப்பா இருக்கும், பள்ளத்துல முதுகு சொல்லும். அதுவே 205/65 ஆர் 16 மாட்டினா உயரம் 8 சதவீதம் கூடுது. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நிஜத்துல 108 போவீங்க. ரோட்டைத் தள்ளுற விசையும் ஏழெட்டு சதவீதம் குறையும். போடிமெட்டு ரோட்டுல 17 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுலயும் வேகத்தைக் குறைச்சு, திரும்ப எடுத்து ஏறும்போது சக்கர எடையும் சேர்ந்து கணக்குக் கேட்கும். அலாய்னாலே லேசுன்னு நம்பிடாதீங்க. பெரிய அலாய், சின்ன இரும்பு வீலைவிடக் கனமாவும் இருக்கலாம். தராசுல வச்சுப் பாருங்க.

லேசான சக்கரம் யாருக்கு?

விடியறதுக்கு முன்னாடி இந்தப் பள்ளத்தாக்குல இருந்து ஜீப்புகள் மலையேறும். ஏலத் தோட்ட வேலைக்குப் போறவங்க உள்ளே நெருக்கி உட்கார்ந்திருப்பாங்க, பாதிக்கு மேல பெண்கள். இன்ஜின் இழுக்குது, டயர் தாங்குதுன்னு இன்னும் ரெண்டு பேர் ஏறுவாங்க. ஏறும்போது அது சரியாத் தெரியும். இறங்கும்போதுதான் மொத்தப் பாரமும் அந்த நாலு டயர் மேலயும் பிரேக் மேலயும் விழும்.

டயர் வண்டி மாட்டுக்கு நடந்ததும் இதுதானே? சக்கரம் மேம்பட்ட ஒவ்வொரு தடவையும், மிச்சமான சக்தியைப் பாதுகாப்புக்கு விடாம பாரத்துக்கே கொடுத்திருக்கோம். அதனால சக்கரம் மாத்தும்போது 'எவ்வளவு பெருசு'ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி, 'எவ்வளவு கனம், எப்படி நிக்கும்'னு கேளுங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.