கடல் கடந்தான்; கண் திறந்தான்!

ஜப்பான் நாட்டு நகாட்சு நகரில் ஒரு சிறுவன். பிரபுவின் பெயர் பொறித்த தாளை மிதித்துவிட்டான் என்று அண்ணன் சீறினான். "பிரபுவின் பெயரை மிதிப்பதே இத்துணைக் குற்றமெனில், கடவுளின் பெயரை மிதித்தால் என்ன நேரும்?" என்று எண்ணினான் சிறுவன். எவரும் அறியாமல் மிதித்தும் பார்த்தான். இடி விழவில்லை, கால் முடங்கவில்லை! பிறகு, சிற்றாலயமொன்றில் தெய்வமென வைத்திருந்த கல்லை அகற்றி, வேறொரு கல்லை வைத்தான். விழா வந்தது, மேளம் கொட்டினர், அந்தக் கல்லையே வணங்கினர்! சிறுவன் தனக்குள் சிரித்தான்.

அவன்தான் புகுசாவா யுகிச்சி. 1835-இல், கீழ்நிலைப் போர்வீரர் குடும்பத்தில் பிறந்தவன். மேல்நிலை வீட்டுப் பிள்ளையிடம், விளையாட்டிலுங்கூடப் பணிமொழி பேசவேண்டிய பிறப்பு! நாடோ கதவடைத்துக் கிடந்தது. கடல் கடந்தால் மரண தண்டனை என்று 1635-இல் இட்ட ஆணை, இருநூறு ஆண்டுகளுக்கு மேலும் நீடித்தது.

டச்சுக்காரர் வழி மட்டுமே மேனாட்டு அறிவு கசிந்த காலம் அது. அரும்பாடுபட்டு டச்சு மொழியைக் கற்றான் இளைஞன். 1859-இல் யோகோஹாமா துறைமுகம் சென்றான். என்ன கண்டான்? கடைப் பலகைகளைப் படிக்க முடியவில்லை, பேச்சும் புரியவில்லை. அங்கே வழங்கியது ஆங்கிலம்! ஆண்டுக்கணக்கில் பட்ட பாடு வீணோ என்று வாடினான். ஆயினும், மறுநாளே ஆங்கிலம் கற்க உறுதி பூண்டான்.

1860-இல் 'கன்ரின் மாரு' என்னும் சிறு கப்பலில், கடற்படைத் தலைவர் ஒருவரின் பணியாளாய்ச் சென்றான். 37 நாட்களில் சான்பிரான்சிஸ்கோ! அங்கே எந்திரங்கள் அவனைத் திகைக்க வைக்கவில்லை. அவற்றின் இயல்பை ஏடுகளில் முன்பே கற்றிருந்தான். திகைக்க வைத்தது ஒரு மறுமொழி. "வாஷிங்டனின் வழித்தோன்றல்கள் இன்று என்ன செய்கின்றனர்?" என்று வினவினான். கேட்கப்பட்டவரோ, தமக்குச் சரியாகத் தெரியாதென்று அக்கறையின்றிக் கூறிவிட்டார்! ஜப்பானிலோ, 1603-இல் ஆட்சியமைத்த இயேயாசுவின் பரம்பரையே அன்றும் ஆண்டுகொண்டிருந்தது. ஒரு நாட்டை நிறுவியவரின் குருதிக்குத் தனி மதிப்பில்லையா? அந்தக் கேள்வி அவன் உள்ளத்தை உலுக்கிற்று.

1862-இல் ஐரோப்பா சென்றபோது, மருத்துவமனை எவர் பணத்தில் நடக்கிறது, வங்கி எவ்வாறு இயங்குகிறது எனத் துருவித் துருவிக் கேட்டுக் குறிப்பெடுத்தார். பாராளுமன்றத்தில் மோதிய இரு கட்சியினர், ஒரே மேசையில் உண்பதைக் கண்டு வியந்தார். அந்தக் குறிப்புகளின் விளைவே, 1866-இல் வெளிவரத் தொடங்கிய 'மேலை நாட்டு நிலைமை' என்னும் நூல். 1872 முதல் வெளிவந்த 'கற்க வாரீர்' எனும் நூல்வரிசையில், மாந்தர் பிறப்பால் உயர்ந்தோர் தாழ்ந்தோர் அல்லர், கல்வியே வேற்றுமை விளைக்கிறது என முழங்கினார். அவர் நிறுவிய பள்ளியே இன்றைய கெயோ பல்கலைக்கழகம்.

தோழர்களே, மறுபுறத்தையும் மறைப்பதற்கில்லை. உள்நாட்டில் உயர்வு தாழ்வைச் சாடிய அதே மனிதர், 1894-இல் சீனத்தின்மீது ஜப்பான் தொடுத்த போரை வாழ்த்தி வரவேற்றார். பிறப்பில் தாழ்வில்லை என்ற நீதி, அண்டை நாட்டான் வாயிலில் நின்றுவிட்டது! மேலை நாடுகளில் கண்ட வலிமையை வியந்தவர், அந்த வலிமைக்கு இரையானோரின் குரலைக் கேட்கத் தவறினார்.

பயணம் தானே அறிவு தந்துவிடாது. கல்லை மாற்றிப் பார்த்த அந்தச் சிறுவனின் ஐயம் உடன் வந்தவரை, அவர் வளர்ந்தார். அது உறங்கிய இடத்தில், அவர் வளர்ச்சியும் நின்றது. அயல்நாடு செல்லும் இளைஞனே! பெட்டியில் எதை மறந்தாலும், அந்த ஐயத்தை மறவாதே!