வடமும் முட்டுக்கட்டையும்

முட்டுக்கட்டை என்ற சொல்லை நாம் பெரும்பாலும் குறை சொல்லவே எடுத்தாள்கிறோம். திருமணப் பேச்சு நின்றுபோனாலும், அலுவலகத்தில் கோப்பு நகராமல் கிடந்தாலும், யாரோ முட்டுக்கட்டை போட்டுவிட்டதாகச் சொல்வது வழக்கம். ஒற்றுமையைப் பற்றிப் பேச வந்தாலோ, ஊர்கூடித் தேர் இழுக்க வேண்டும் என்கிறோம். இரு வழக்குகளும் ஒரே தேரை நினைவூட்டுபவை. வடத்துக்குப் புகழும் கட்டைக்குப் பழியும் சேர்ந்தது எவ்வாறு என்று நாம் யோசிப்பதில்லை.

யோசிக்கத் தக்க இடம் திருவண்ணாமலை. கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் அங்கே தேரோட்டம். விநாயகர், முருகர், அண்ணாமலையார், பராசக்தி அம்மன், சண்டிகேசுவரர் என ஐந்து தேர்கள் மாட வீதிகளைச் சுற்றி வருகின்றன. அம்மன் தேரைப் பெண்களே இழுப்பதும், சண்டிகேசுவரர் தேரைச் சிறுவர்கள் இழுப்பதும் அவ்வூர் மரபு. அண்ணாமலையாரின் பெரிய தேருக்கு இரும்புச் சங்கிலியே வடம். அதைப் பற்றி நிற்பவர் ஆயிரக்கணக்கானோர். அத்தனை பேரும் சேர்ந்து அந்தத் தேருக்கு இடக்கூடிய கட்டளை ஒன்றே ஒன்றுதான்: முன்னே செல். நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்தடியில் கட்டை கொடுப்பவர்களின் கையில் இருக்கிறது. ஒரு பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் அது தேங்கும், மறுபக்கம் உருளும், தேர் முகம் திரும்பும். தேரடித் தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குள் தேர் வளைவது இப்படித்தான். வடம் பிடித்தவருக்குச் சக்கரம் தெரியாது. கட்டை போடுபவருக்கு வீதி தெரியாது. கலசம் எதன் அருகே செல்கிறது என்பது இருவருக்குமே தெரியாது. தேர் நகர்வதோ இவர்கள் எல்லோராலும்.

2020ஆம் ஆண்டு பெருந்தொற்றின் காரணமாக அந்தத் தேரோட்டம் நடைபெறவில்லை. மலையில் தீபம் ஏற்றப்பட்டதை மக்கள் வீட்டிலிருந்தபடியே நேரலையில் கண்டனர். காட்சி குறைவின்றிக் கிடைத்தது. பற்றிக்கொள்ள வடம்தான் இல்லை. திரைக்கும் ஒரு வடம் பூட்ட முடியுமா என்ற கேள்வி அப்போது நம்மிடையே எழுந்தது. பூட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்பதும், அதற்கு முப்பது ஆண்டுக்கால வரலாறு உண்டு என்பதும் தேடியபோது தெரியவந்தன.

1991ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் கணினி வரைகலை மாநாடு ஒன்று நடந்தது. லோரன் கார்பென்டர் என்ற வரைகலை அறிஞர், அரங்கில் இருந்தவர்கள் கையில் ஆளுக்கொரு சிறு மட்டையைக் கொடுத்தார். ஒரு புறம் சிவப்பு, மறுபுறம் பச்சை. நிழற்படக் கருவி அரங்கை நோக்கியிருக்க, எந்த நிறம் எவ்வளவு தெரிகிறது என்பதைக் கணினி கணக்கிட்டது. அதைக் கொண்டு அரங்கின் ஒரு பாதி ஒரு மட்டையையும் மறு பாதி எதிர் மட்டையையும் திரையில் இயக்க, 'பாங்' என்ற பழைய பந்தாட்டத்தை அரங்கமே ஆடியது. பின்னர் ஒரு விமானத்தையும் திரையில் ஓட்டிப் பார்த்தார்கள். கெவின் கெல்லி 1994இல் வெளியிட்ட தம் நூலில் இந்த நிகழ்ச்சியை விவரிக்கிறார். ஏறத்தாழ 5000 பேர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமலேயே, ஓடுபாதையில் இறங்கவிருந்த விமானத்தை மீண்டும் மேலே தூக்கியதை அவர் வியந்து எழுதியிருக்கிறார். இங்கே முட்டுக்கட்டை என்று தனியாக ஏதும் இல்லை. சராசரியே வடம், சராசரியே கட்டை.

அடுத்தது சதுரங்கம். 1999 ஜூன் முதல் அக்டோபர் வரை காரி காஸ்பரோவ் ஒரு பக்கமும், இணையம்வழி 75க்கும் மேற்பட்ட நாடுகளின் 50,000க்கும் மேற்பட்டோர் மறுபக்கமும் அமர்ந்து ஆடினர். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் வாக்கெடுப்பு. அதிக வாக்கு பெற்றதே உலகின் நகர்த்தல். நான்கு இளம் ஆட்டக்காரர்கள் கூட்டத்துக்கு ஆலோசகர்களாக இருந்தார்கள். அவர்களுள் ஐரினா க்ரஷ் என்ற இளம்பெண்ணின் ஆலோசனைகளே பெரும்பாலும் ஏற்கப்பட்டன. 62 நகர்த்தல்களுக்குப் பின் காஸ்பரோவ் வென்றார். இறுதிக் கட்டத்தில், கள்ள வாக்குகள் குவிந்தன என்று கூறி, அதிக வாக்கு பெற்ற ஒரு நகர்த்தலை நடத்துநர்களே நீக்கினார்கள். வடம் உலகத்தார் கையில் இருந்தாலும் கட்டை வேறொருவர் கையில் இருந்தது என்பது அன்று வெளிப்பட்டது.

ஆனால் தேரோட்டத்துக்கு மிக அணுக்கமான உறவுடையது 2014இல் நடந்த ஆட்டமே. அவ்வாண்டு பிப்ரவரி 12ஆம் நாள், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பெயர் வெளியிடாத நிரலாளர் ஒருவர் 'போக்கிமான் ரெட்' என்ற பழைய ஜப்பானிய விளையாட்டை 'ட்விட்ச்' நேரலைத் தளத்தில் ஓடவிட்டார். பார்வையாளர்கள் அரட்டைப் பகுதியில் மேலே, கீழே, இடது, வலது என்று தட்டச்சு செய்தால், நாயகன் அப்படியே நகர்வான். விதி அவ்வளவுதான். ஒரே வேளையில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கட்டளையிட, நாயகன் சுவரில் மோதினான், வந்த வழியே திரும்பினான், தாண்டக் கூடாத மேட்டைத் தாண்டிக் குதித்து மீண்டும் முதலிலிருந்து நடந்தான். ஒருவர் இட்ட கட்டளை திரையில் தெரியவே பல வினாடிகள் ஆனதால், இடுபவர் எல்லோரும் கடந்துபோன கணத்துக்கே கட்டளையிட்டுக் கொண்டிருந்தனர். கெடுப்பதற்கென்றே வந்தவர்களும் இருந்தார்கள். சேமிப்பிலிருந்து ஓர் உயிரியை எடுக்க முயன்றபோது, ஒரே நாளில் பன்னிரண்டு உயிரிகள் கைநழுவி விடுவிக்கப்பட்டன. அந்த நாளைத் துக்க நாளாகவே கூட்டம் நினைவில் வைத்துக்கொண்டது.

இந்தக் குழப்பத்திலிருந்து ஒரு புராணமும் பிறந்தது. நாயகனின் பையில் சுருள் வடிவப் புதைபடிவம் ஒன்று இருந்தது. அதை அந்த இடத்தில் பயன்படுத்தவும் முடியாது, தூக்கி எறியவும் முடியாது. கட்டளைகளின் நெரிசலில் நாயகன் ஓயாமல் அதையே எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அதனிடம் குறி கேட்கிறான் என்றார்கள் சிலர். விரைவில் அது தெய்வமாயிற்று. மேலை நாட்டு இதழ்கள் இதைப் புதுமையாக எழுதின. கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமத்தைப் பூசையில் வைத்திருக்கும் நமக்கு அதில் வியப்பு குறைவே. சாளக்கிராமமும் அதே வகைச் சுருள் ஓட்டுக் கடலுயிரியின் படிவம்தான்.

ஆறாம் நாள், குறுகிய நிலவறைப் பாதை ஒன்றில் ஆட்டம் பல மணி நேரம் சிக்கிக்கிடந்தது. அப்போது நிரலாளர் ஒரு முட்டுக்கட்டை போட்டார். குறிப்பிட்ட நேரத்துக்குள் வரும் கட்டளைகளை எண்ணி, அதிகம் பேர் சொன்னதை மட்டும் நிறைவேற்றும் முறையை அவர் கொண்டுவந்தார். அதற்கு மக்களாட்சி என்று பெயர். பழைய முறைக்கு அராஜகம் என்று பெயர் சூட்டப்பட்டது. புதிய முறையால் ஆட்டம் நேராக நடக்கும் என்பது தெளிவாக இருந்தும், பெருந்திரளான பங்கேற்பாளர்கள் அதை எதிர்த்தனர். ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப நிறுத்தும் கட்டளைக்கே வாக்களித்து மறியல் செய்தனர். முடிவில் நிரலாளர் இறங்கிவந்து, எந்த முறையில் ஆடுவது என்பதையும் வாக்குக்கே விட்டார். இடுக்கான இடங்களில் மக்களாட்சி, மற்ற நேரங்களில் அராஜகம் என்று மாறி மாறி ஆடி, மார்ச் 1ஆம் நாள் ஆட்டம் நிறைவெய்தியது. 16 நாள்களில் பங்கேற்றவர்கள் 11 இலட்சத்துக்கும் மேல். இட்ட கட்டளைகள் 12 கோடியைத் தாண்டின.

உடனே அடுத்த விளையாட்டு தொடங்கிற்று. 'போக்கிமான் கிரிஸ்டல்' என்ற அதில், இறுதியில் எதிர்ப்படுபவன் முந்தைய விளையாட்டின் நாயகனே. அசல் ஆட்டத்தில் அவனுக்கென்று ஒரு படை உண்டு. இந்த நேரலைக்காக அது திருத்தப்பட்டது. முதல் ஆட்டத்தில் கூட்டம் வென்றபோது அதன் கையில் எந்த ஆறு உயிரிகள் இருந்தனவோ, அவையே அவனுடைய படையாக வைக்கப்பட்டன. சில நாள்களுக்கு முன்பு தாங்களே வளர்த்து, பெயரிட்டு, போற்றிய படையைத் தாங்களே வெல்ல வேண்டிய நிலை. ஒரு முறைக்குப் பல முறை தோற்ற பின்பே வென்றார்கள். அதன்பின் உயிரிகள் தற்செயலாகக் கலைத்து அடுக்கப்பட்ட திருத்தப் பதிப்புகள் பலவற்றைக் கூட்டம் ஆடியது. இந்த மரபில் நம்மவரும் உண்டு. 2024இல் விசுவநாதன் ஆனந்த் ஏறத்தாழ 70,000 பேரை எதிர்த்து இணையச் சதுரங்கம் ஆடி வென்றார். 2025இல் மாக்னஸ் கார்ல்சனை 1,43,000 பேர் எதிர்த்து ஆடி, 32 நகர்த்தல்களில் சமன் செய்தனர். அந்த ஆட்டமும் திருத்திய ஆட்டமே; பின்வரிசைக் காய்களின் தொடக்க அடுக்கு கலைத்து மாற்றப்பட்டிருந்தது.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கையில், கூட்டத்தின் அறிவு என்று புகழப்படுவதைக் காட்டிலும் வேறொன்றே நம் கண்ணில் படுகிறது. கூட்டம் நகர்த்தும் ஒவ்வொன்றுக்கும் இரு கேள்விகள் உண்டு. வடத்தை யார் தொடலாம்? கட்டையை யார் வைத்திருக்கிறார்?

முதல் கேள்விக்கு 2014ஆம் ஆண்டு ஆட்டம் தந்த விடை எளிது: யார் வேண்டுமானாலும் தொடலாம். கெடுக்க வருபவனுக்கும் அதில் இடம் இருந்தது. நம் தேர்களுக்கு அந்த விடை எளிதாக வாய்க்கவில்லை. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில், தலித் மக்கள் வடம் பிடிக்கும் உரிமை குறித்து 1998 முதல் வழக்கும் தடையும் நிலவின. 2006க்குப் பின் ஓடாமல் நின்ற தேர், 2024 ஜூன் 21 அன்று பலத்த காவலுக்கிடையே அனைத்துச் சமூகத்தாரும் வடம் பிடிக்க ஓடியது. ஊர்கூடி என்று பழமொழி சொல்கையில் ஊர் என்பது எவர் என்ற வினா அதற்குள் ஒளிந்திருந்ததை அந்தத் தேர் பல்லாண்டு நின்று காட்டியது.

இரண்டாம் கேள்வி இன்னும் கடினமானது. 2022 ஏப்ரல் 27 அன்று, தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் தேரின் உச்சி உயர்மின்னழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் உயிரிழந்தனர். இழுப்பவர் எவருக்கும் உச்சி தெரிவதில்லை. இழுப்போரின் ஆர்வமும் ஒற்றுமையும் எவ்வளவு பெரிதாயினும், நில் என்று சொல்லவும், சொன்னதும் நிற்கவும் வழியில்லாத இடத்தில் அவை பாதுகாப்பாக மாட்டா. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் நீரழுத்தத் தடைக்கருவி பொருத்தியதன் பொருளும் இதுவே.

திரையில் கட்டை போட்டவர் எங்கோ மறைவில் இருந்தார். மறியல் வந்தபோது அவர் இறங்கிவந்தது அவருடைய நல்லியல்பு, வராமலும் இருந்திருக்கலாம். இன்று நாம் நாள்தோறும் புழங்கும் திரைகள் பலவற்றிலும் வடம் நம் விரலில் இருக்கிறது. கட்டையை வைத்திருப்பவர் முகம் தெரிவதில்லை. தேரடியிலோ அவர் சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் எல்லோரும் பார்க்கக் குனிந்து நிற்கிறார். கணக்குத் தவறினால் முதலில் நசுங்குவது அவருடைய கை.

பெரிய தேர் நிலைக்கு வந்ததும் கூட்டம் சங்கிலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறது. கட்டைகளை யாரும் தொடுவதில்லை. இரும்புச் சக்கரத்தில் அரைபட்டு, நார் நாராகப் பிளந்து, அவை தேரின் ஓரத்தில் குவிந்து கிடக்கின்றன. அடுத்த முறை முட்டுக்கட்டை என்று ஒருவரைப் பழிக்க வாய் எடுக்கையில், அந்தக் குவியலை நாம் ஒருகணம் நினைத்துக்கொள்ளலாம்.