எந்த ஆர்1?

மின்சுற்றைக் கம்பியால் பிணைக்காமலேயே கணினியில் இயக்கிப் பார்க்கும் ஸ்பைஸ் என்ற மென்பொருளை, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பெடர்சனின் மாணவர் லாரன்ஸ் நேகல் உருவாக்கினார். 1973இல் அது வெளிவந்தது. அதன் பெயரிடும் முறையில் முதலெழுத்து இனத்தைச் சுட்டும், எஞ்சியது ஆளைச் சுட்டும். ஆர்1, ஆர்2 இரண்டும் மின்தடைகள். மதிப்பு ஒன்றாயினும் ஆள் வேறு.

சிக்கல் துணைச்சுற்றுகளில்தான். ஒருமுறை எழுதிய சுற்றைப் பத்து இடங்களில் அழைத்தால் உள்ளே பத்து ஆர்1 இருக்கும். மின்னோட்டம் மிகுவது எதில்? இதற்கு விடை இல்லையேல் கணக்குச் சரியாக இருந்தும் பயனில்லை. ஆகவே அழைப்பின் பெயரையும் சேர்த்து, எக்ஸ்3-இன் ஆர்1 என்று வழங்கலாயிற்று; ஏறத்தாழ நம் தலைப்பெழுத்து மாதிரி. கணினிக்கு வரிசை எண்ணே போதும். ஆனால் நடுவில் ஓர் உறுப்பைச் செருகினால் எண்களெல்லாம் நகர்ந்துவிடும். நேற்றைய முடிவுகளை இன்றைய சுற்றோடு ஒப்பிட இயலாது.