நாற்காலி அடுக்கியவர்கள் பயிலரங்கு நடத்தும் வரை

இந்தப் பொன்விழா மலரில் சங்கத்தின் தொடக்கம், விழாக்கள், உபகாரச் சம்பளம் ஆகியவற்றைப் பற்றிப் பெரியவர்கள் எழுதுகிறார்கள். இளையர் பிரிவைச் சேர்ந்த நாங்கள் வேறொன்றை எழுத விரும்பினோம். நம் சமூகம் தன் பிள்ளைகளை எப்படிப் பொறுப்புக்குப் பழக்கியது, அந்தப் பழக்கம் எங்கே விட்டுப்போனது, இப்போது பயிலரங்குகள் வழியாக அதை எப்படி மீட்டு வருகிறோம் என்பதே இக்கட்டுரை.

சிங்கப்பூர் வந்த தமிழ் முஸ்லிம்களில் பலர் வணிகர்கள். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் உள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826இல் தொடங்கப்பட்டது என்றால், நம்மவர் வணிகமும் இங்கே ஏறத்தாழ அவ்வளவு பழையது. கடைதான் நம் பிள்ளைகளுக்குப் பயிற்சிக்கூடமாக இருந்தது. ஊரிலிருந்து மாமா கடைக்கு வரும் பையன் முதலில் கூட்டிப் பெருக்குவான். பிறகு சரக்கு அடுக்குவான், நிறுப்பான், வாடிக்கையாளரிடம் மலாயில் பேசப் பழகுவான். சில ஆண்டுகள் கழித்துக் கணக்கேடு அவன் கைக்கு வரும். கடைசியில் கல்லாச் சாவியும் வரும். முதலாளி லுஹர் தொழப் போகும் அரை மணி நேரம் கடை முழுவதும் அவன் பொறுப்பு. இதற்கு யாரும் பயிற்சி என்று பெயர் வைக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு படியிலும் முன்னதைவிடச் சற்றே பெரிய பொறுப்பு அவனுக்குக் கிடைத்தது.

1953 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் இந்த வரவைப் பெரிதும் கட்டுப்படுத்தியது. மருமகனையோ தம்பியையோ நினைத்தபோது ஊரிலிருந்து வரவழைக்க முடியாமல் போனது. கடையையும் பள்ளிவாசல் பணிகளையும் இங்கே வளரும் பிள்ளைகள்தான் ஏற்றாக வேண்டும் என்ற நிலை வந்தது. அந்தப் பிள்ளைகளுக்காகவே பள்ளிக்கூடம் கண்டவர்களும் நம்மிடையே இருந்தார்கள். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982 வரை நடந்தது. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரை இன்று உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் தாங்கி நிற்கிறது.

1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழியானது. பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள், நல்ல வேலைக்கும் போனார்கள். ஆனால் கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்றவர்களுக்கு, தாங்கள் அறிந்ததை வீட்டிலுள்ள நன்னியிடம் தமிழில் விளக்கும் பழக்கம் குறைந்துபோனது.

நம் சங்கம் பிறந்தது இந்த மாற்றங்களுக்கு நடுவில்தான். தொடக்கம் முதலே இளையர்கள் சங்கத்துக்கு வந்தார்கள். நோன்புக் கஞ்சி ஊற்றினார்கள், மீலாது விழாவில் நாற்காலி அடுக்கினார்கள், துண்டறிக்கை கொடுத்தார்கள். மேடையும் ஒலிவாங்கியும் பெரியவர்களிடமே இருந்தன. கடையில் சில ஆண்டுகளில் கல்லா வரை போகும் பையன், சங்கத்தில் முப்பது வயதிலும் நாற்காலியோடு நின்றான். பெரியவர்களுக்கு மனமில்லை என்று சொல்வது நியாயமாகாது. கடையில் இருந்த படிகள் சங்கத்தில் இல்லை. நாற்காலி அடுக்குவதற்கும் கூட்டம் நடத்துவதற்கும் இடையே கற்றுக்கொள்ள ஓர் இடம் வேண்டியிருந்தது.

அந்த முதல் படி துணைப்பாட வகுப்பில் கிடைத்தது. 1982இல் மெண்டாக்கியும் 1991இல் சிண்டாவும் தோன்றிய காலத்தில், பிள்ளைகளின் தேர்ச்சி சமூகத்தின் பெரிய கவலையாக இருந்தது. நம் வார இறுதி வகுப்புகளில் படித்தவர்கள் சிலர், தொடக்கக் கல்லூரிக்கும் பலதுறைத் தொழிற்கல்லூரிக்கும் போன பிறகு திரும்பி வந்து சிறியவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எங்களில் பலர் முதன்முதலாக ஒரு வகுப்பின் முன் நின்றது அங்கேதான்.

அடுத்த படியைக் கொவிட்-19 கொண்டுவந்தது. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கிருமிப்பரவல் முறியடிப்புத் திட்டம். பள்ளிவாசல்கள் மூடியிருக்க, ரமலான் வீட்டுக்குள்ளேயே கழிந்தது. பயானைக் கேட்கவும், பேரப்பிள்ளை முகத்தைப் பார்க்கவும் திறன்பேசியைத் தொட்டாக வேண்டும் என்ற நிலை முதியவர்களுக்கு வந்தது. அவ்வாண்டு அரசாங்கம் 1,000 மின்னிலக்கத் தூதர்களை நியமிப்பதாக அறிவித்தது. 2021 டிசம்பரில் வீட்டுக்கு 100 வெள்ளி சிடிசி பற்றுச்சீட்டும் மின்னிலக்க வடிவில் வந்தது. அதைப் பெறச் சிங்பாஸ் வேண்டும். நம் பெரியவர்களுக்கு இதையெல்லாம் பொறுமையாகத் தமிழில் சொல்ல ஆள் தேவைப்பட்டது. சொல்லத் தெரிந்தவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள், பதினேழு வயதில்.

ஆனால் தெரிந்திருப்பது வேறு, நடத்துவது வேறு. பிள்ளைகள் பெரியவர் கையிலிருந்து திறன்பேசியை வாங்கி, நான்கு முறை தட்டி, “முடிஞ்சிருச்சு நானா” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பெரியவர் எதையும் கற்றிருக்க மாட்டார். ஆகவே கடையின் படிகளை நாங்கள் பயிலரங்குக்குக் கொண்டுவந்தோம். புதியவர் முதலில் இரண்டு பயிலரங்குகளில் உட்கார்ந்து பார்ப்பார். அடுத்து ஒரு மேசையில் நான்கு பெரியவர்களுக்கு உதவுவார். பெரியவரின் திறன்பேசியைத் தொடக்கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும். பிறகு பத்து நிமிடம் முன்னே நின்று பேசுவார், அதன்பின் பாதி, அதன்பின் முழுப் பயிலரங்கு. அனுபவமுள்ள ஒருவர் பின்வரிசையில் இருப்பார், இடையில் குறுக்கிட மாட்டார். முடிந்த பிறகு அவர் கேட்பது மூன்று கேள்விகள்: எங்கே கேட்டவர்கள் முகம் சுருங்கியது? எந்தச் சொல் புரியவில்லை? அடுத்த முறை எதை விடலாம்?

சொற்களுக்காகத் தனியே ஓர் ஒத்திகையும் உண்டு. மோசடிக் குறுஞ்செய்தி பற்றிப் பேசுபவர், “வங்கி என்று சொல்லி வரும் இணைப்பைத் தொடாதீர்கள், வங்கிக்கு நீங்களே அழையுங்கள்” என்று தடுமாறாமல் தமிழில் சொல்லிப் பழக வேண்டும். இப்படிப் பழகிய பிள்ளைகளின் தமிழ் வளர்ந்ததை வீட்டில் பெற்றோரே கவனித்துச் சொன்னார்கள்.

ஒரு சிக்கல் இன்னும் இருக்கிறது. ஆண் பிள்ளைகள் பழகி நிமிரும் வேளையில் தேசிய சேவைக்கு இரண்டு ஆண்டுகள் போய்விடுகிறார்கள். அந்த இடைவெளியில் பயிலரங்குகளைத் தாங்கியவர்கள் பெரும்பாலும் பெண் பிள்ளைகள். மாதர் பிரிவோடு சேர்ந்து அவர்கள் நடத்திய வகுப்புகளுக்கு, வழக்கமாகக் கூட்டத்துக்கே வராத மூதாட்டிகளும் வந்தார்கள். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தஞ்சோங் பகார் வட்டாரத்தில் மசாலா அரைத்து விற்றுக் குடும்பம் காத்த பெண்களும் நம் வரலாற்றில் இருக்கிறார்கள்.

இனி செய்ய வேண்டியது என்ன? நூறாண்டு விழாவைக் கொண்டாட வேண்டியவர்கள் இன்று பள்ளி மாணவர்கள். அவர்களை நாற்காலி அடுக்க மட்டும் அழைத்தால், ஒரு நாள் அடுக்கிவிட்டு அடுத்த நாள் வரமாட்டார்கள். ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: பிள்ளைகளை அடுத்த பயிலரங்குக்கு அனுப்பிவையுங்கள். நன்னாமார்களும் நன்னிமார்களும் வந்து முன்வரிசையில் உட்காருங்கள். முதல்முறை பேசும் பிள்ளை தடுமாறினால் சிரிக்காமல் காத்திருங்கள். செயலவையில் உள்ள மூத்தவர்கள் ஆளுக்கோர் இளையரைப் பக்கத்தில் வைத்து, தங்கள் பணியைப் படிப்படியாகக் கைமாற்றுங்கள். நம் கடைகளில் நம்மவர் செய்ததுதானே இது. இன்ஷா அல்லாஹ், சங்கத்திலும் நடக்கும்.