கட்டுச்சோற்றுக்கு இடம் தந்த அரசாணை

மியூனிக் பயணம் பற்றி எழுதச் சொல்லி நிறைய பேர் கேட்டீர்கள். அரண்மனை, மியூசியம் எல்லாம் யூடியூபிலேயே கிடைக்கும். நான் சாப்பாட்டு விஷயம் ஒன்றை எழுதுகிறேன். அதில் 200 வருட வரலாறு இருக்கிறது.

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் பீர் ஆலைக்காரர்களே நடத்தும் தோட்ட உணவகங்கள் உண்டு. பீர் கார்ட்டன் என்கிறார்கள். அங்கே வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு போய், அவர்கள் மேசையிலேயே விரித்து வைத்துச் சாப்பிடலாம். குடிப்பதற்கு மட்டும் அவர்களிடம் வாங்க வேண்டும். நம் ஊர் ஓட்டலில் டிபன் பாக்ஸைத் திறந்து பாருங்கள், சர்வர் ஓடி வருவார்! அங்கே ஏன் அனுமதிக்கிறார்கள்? முதலாளியின் தாராள மனசு என்று நினைக்க வேண்டாம். எல்லாம் ஒரு பழைய சண்டையில் போய் நிற்கிறது.

16ஆம் நூற்றாண்டில் பவேரியாவில் கோடை முழுக்க பீர் காய்ச்சத் தடை வந்தது. செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரைதான் காய்ச்சலாம். காரணம் இரண்டு. அடுப்பு எரியும் ஆலைகளால் வெயில் காலத்தில் ஊரே தீப்பிடிக்கும் என்ற பயம் ஒன்று. அவர்கள் பீருக்கான ஈஸ்ட் குளிரில்தான் ஒழுங்காக வேலை செய்யும், வெப்பத்தில் சரக்கு கெட்டுவிடும் என்பது இன்னொன்று. ஆனால் தாகம் எடுப்பது கோடையில்தானே? அதனால் மார்ச்சில் கொஞ்சம் கெட்டியாகக் காய்ச்சி, நிலத்தடிக் கிடங்குகளில் சேமித்தார்கள். குளிர்காலத்தில் ஏரியில் வெட்டிய பனிக்கட்டியைக் கிடங்கில் அடுக்கினார்கள். கிடங்கின் மேல் ஜல்லியைப் பரப்பி, குதிரைச் செஸ்ட்நட் மரங்களை நட்டார்கள். நம் பாதாம் மரம் போல அகன்ற இலை, அடர்ந்த நிழல். வேரும் ஆழமாகப் போகாது, கீழே இருக்கும் கிடங்கின் கூரையை உடைக்காது. இந்த மரத்தைத் தேர்ந்தெடுத்தவர் யாராக இருந்தாலும் நல்ல பொறியாளர் என்பேன்.

நிழல் இருக்கிறது, கீழே ஜில்லென்று பீர் இருக்கிறது. ஜனங்கள் சும்மா இருப்பார்களா? அங்கேயே வந்து உட்கார்ந்தார்கள். ஆலைக்காரர்கள் பெஞ்சு போட்டு, சாப்பாடும் விற்கத் தொடங்கினார்கள். நகருக்குள் சின்னச் சின்ன சத்திரம் நடத்தியவர்களின் வயிற்றில் அடி விழுந்தது. அவர்கள் அரசரிடம் முறையிட்டார்கள்.

அப்போதைய அரசர் முதலாம் மாக்சிமிலியன் ஜோசப். 1812 ஜனவரி 4 அன்று ஓர் ஆணை போட்டார். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆலைக்காரர்கள் தங்கள் கிடங்கிலேயே பீரைச் சில்லறையாக விற்கலாம், கூடவே ரொட்டி கொடுக்கலாம். வேறு உணவோ வேறு பானமோ கூடவே கூடாது. பெரிய முதலாளிக்கு பீர் வியாபாரம், சின்னவனுக்குச் சோற்று வியாபாரம். ரெண்டு பேர் பிழைப்பையும் பார்த்துப் போட்ட உத்தரவு! ஜனங்கள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வீட்டிலிருந்து முள்ளங்கியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து மர நிழலில் பிரித்தார்கள். பின்னாளில் உணவுத் தடை போய்விட்டது. மூட்டை கட்டிக்கொண்டு போகும் வழக்கம் மட்டும் போகவில்லை.

இதைச் சொல்லித்தான் என் மகள் எங்களை ஆகுஸ்டினர் கெல்லருக்குக் கூப்பிட்டாள். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், ஆயிரக்கணக்கானோர் உட்காரும் இடம். என் மனைவி சேலத்துக்காரி. 1937இல் ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்த ஜில்லா. "ஏங்க, சாராயக் கடையில உக்காந்து தயிர் சாதம் திங்கறதா?" என்றாள். உள்ளே போய்ப் பார்த்தால் கைக்குழந்தைகள், பாட்டிகள், ஊஞ்சலில் பிள்ளைகள். எலுமிச்சை சாதத்தையும் உருளைக்கிழங்கு வறுவலையும் பிரித்தோம். அவளுக்கு ஆப்பிள் சாறு கலந்த சோடா. நான் என்ன குடித்தேன் என்று கமெண்டில் கேட்காதீர்கள்.

நீள மேசை, அதனால் முன்பின் தெரியாதவர்கள் எதிரே வந்து உட்கார்வார்கள். இடம் காலியா என்று கேட்டால் போதும். எங்கள் எதிரே ஒரு பெரியவர் கூடையிலிருந்து மேசைத் துணி, கத்தி, முள்ளங்கி எல்லாம் எடுத்து வைத்தார். எங்கள் மாங்காய் ஊறுகாயைக் கையால் காட்டினார். மனைவி ஒரு துண்டு கொடுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தும் இன்னொரு துண்டு கேட்டார். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதற்காக எத்தனை தெருக்களில் பந்தியைப் பிரித்துப் போட்ட ஊர்க்காரர்கள் நாம்! அந்த மேசையில் எனக்கு அதுதான் மனசில் ஓடியது.

1870களில் கார்ல் லிண்டே என்ற மியூனிக் பேராசிரியர் குளிரூட்டும் இயந்திரம் செய்தார். ஷ்பாட்டன் என்ற பீர் ஆலை அதை முதலில் வாங்கிக்கொண்ட இடங்களில் ஒன்று. (உங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கும் அவர் ஒரு தாத்தா.) அதோடு கிடங்குக்கும் பனிக்கட்டிக்கும் வேலை போயிற்று. தோட்டம் மட்டும் நின்றது.

அதற்கும் ஆபத்து வந்தது. 1995இல் புறநகர்த் தோட்டம் ஒன்றை, அக்கம்பக்கத்தார் போட்ட வழக்கில், இரவு 9.30க்கே மூடச் சொன்னது நீதிமன்றம். அந்த மே மாதம் சுமார் 20,000 பேர் மியூனிக்கின் நடு மையத்தில் திரண்டார்கள். பீருக்குப் புரட்சியா என்று சிரிக்கலாம். ஆனால் தூங்க முடியாமல் தவித்த அண்டை வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கடைசியில் 1999இல் மாநில அரசு தனி விதிமுறையே கொண்டுவந்தது. இசை 10 மணிக்கு, விற்பனை 10.30க்கு நிற்க வேண்டும், 11 மணிக்குக் கூட்டம் கலைய வேண்டும். சமூக வேற்றுமைகளைத் தாண்டி மக்கள் கூடும் இடங்கள் இவை என்று அரசே அதற்குக் காரணம் எழுதியது. எது பீர் தோட்டம் என்பதற்கு அதில் இரண்டு அடையாளங்கள்: தோட்டமாக இருக்க வேண்டும், சொந்தச் சாப்பாட்டைக் கொண்டுவந்து உண்ண இடம் தர வேண்டும்.

போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: துணி விரித்த மேசைகளில் பரிமாறுபவர் வருவார், அங்கே டப்பாவைத் திறக்கக் கூடாது. வெறும் மர மேசையாகப் பார்த்து உட்காருங்கள்.