தென்னங்கள்ளும் கப்பல் சரக்கும்

அந்தமானையும் நிக்கோபாரையும் ஒரே மூச்சில் சொல்வது எல்லோருக்கும் பழக்கம். ஆனால் குடியின் வரலாறு என்று பார்த்தால் இரண்டும் வெவ்வேறு உலகங்கள். வெள்ளைக்காரர்கள் வந்து குடியேறும் வரை அந்தமான் கரைகளில் தென்னந்தோப்பு கிடையாது. வடக்கே கோகோ தீவுகளில் தென்னை உண்டு. தெற்கே பத்து டிகிரிக் கால்வாயைத் தாண்டினால் கார் நிக்கோபாரின் கடற்கரை நெடுகத் தென்னைதான். நடுவில் கிடந்த அந்தமானுக்கு மட்டும் அது வந்து சேரவில்லை. தென்னை இல்லாததால் கள்ளும் இல்லை. வேட்டையாடியும் மீன் பிடித்தும் வாழ்ந்த அந்தமான் பழங்குடியினருக்குப் புளிக்கவைத்துக் குடிக்கும் பானம் எதுவும் தெரியாது. நிக்கோபாரிலோ கள் இல்லாமல் விருந்தும் இல்லை, முன்னோர் சடங்கும் இல்லை.

1688இல் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி, தான் வந்த கொள்ளைக் கப்பலை விட்டு விலகி, சில தோழர்களோடு நிக்கோபார் கரையில் இறங்கிக்கொண்டான். ஒரு கோடாரியைக் கொடுத்து ஒரு படகு வாங்கி, அதிலேயே சுமத்ராவின் அச்சேவுக்குப் போய்ச் சேர்ந்தான். 1697இல் அச்சான அவனுடைய பயண நூலில் இந்தத் தீவுக்காரர்கள் தென்னையிலிருந்து கள் இறக்கி விரும்பிக் குடிப்பதைக் குறித்து வைத்திருக்கிறான். அவன் பார்த்தது அப்போதே பழைய வழக்கம். ராஜேந்திர சோழனின் தஞ்சைக் கல்வெட்டில் மாநக்கவாரம் என்று பெயர் பொறிக்கப்பட்ட தீவுகள் இவை. அங்கே பாளை சீவத் தொடங்கிய காலத்துக்கு எழுத்துச் சான்று எதுவும் இல்லை.

கள்ளின் இயல்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விரியாத பாளையை இறுகக் கட்டி, பக்குவமாகத் தட்டி, நுனியைச் சீவி, அடியில் ஒரு பாத்திரத்தைக் கட்டிவிட்டால் பால் சொட்டுச் சொட்டாக இறங்கும். சொட்டும்போதே காற்றில் இருக்கும் ஈஸ்ட் அதில் வேலையைத் தொடங்கிவிடும். அதிகாலையில் இறக்கியது இனிக்கும். வெயில் ஏற ஏற நுரைத்துக் காரம் பிடிக்கும். மாலைக்குள் அதன் போதை ஏறக்குறைய பீருக்குச் சமமாக, நூற்றுக்கு நான்கைந்து பங்கு ஆல்கஹாலாக நிற்கும். மறுநாள் புளித்துப்போகும், அதையும் விட்டால் காடிதான். மூட்டை கட்டவோ கிடங்கில் அடுக்கவோ முடியாத பானம் இது. அன்றைக்கு இறக்கியதை அன்றைக்கே, அதே ஊரில் குடித்துத் தீர்க்க வேண்டும்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பாளையைச் சீவினால் அந்தப் பாளையில் காய் கிடைக்காது. நிக்கோபாரில் தேங்காய்தான் நாணயம். பர்மாவிலிருந்தும் மலபாரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த வியாபாரிகள் அரிசி, துணி, புகையிலை, வெட்டரிவாள், வெள்ளிக் கரண்டி என எதைக் கொண்டுவந்து இறக்கினாலும் இத்தனை ஜோடி தேங்காய் என்றுதான் விலை பேசினார்கள். மரங்கள் தூஹெத் எனப்படும் கூட்டுக் குடும்பத்துக்குச் சொந்தம். எந்த மரத்தைக் காய்க்கு விடுவது, எதைக் கள்ளுக்குச் சீவுவது என்பது குடும்பமே கூடிப் பார்க்க வேண்டிய கணக்கு. அதிகம் குடித்தால் அதிகம் இழப்பு என்பது தலைக்கு மேலே மரத்திலேயே தெரியும். போலீஸ் இல்லாமலே குடி ஓர் அளவுக்குள் நின்றதற்கு இந்த ஏற்பாடு பெரிய காரணம் என்று நினைக்க இடமுண்டு.

கப்பல் சரக்கு இந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. காய்ச்சி வடித்த சாராயமும் ரம்மும் கெடாது, எத்தனை மாதம் கடலில் கிடந்தாலும் வீரியம் குறையாது. தேங்காய்க்குப் பண்டமாற்று என்று வந்தபோது, போதையைக் கொடுத்து இன்னும் தேங்காய் வாங்கலாம் என்ற வழி வியாபாரிகளுக்குத் தென்பட்டது. 1869இல் நிக்கோபாரைத் தன்வசப்படுத்திய பிரிட்டிஷ் அரசு இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டது. நங்கௌரித் துறைமுகத்தையொட்டி கமோர்ட்டாவில் நடத்திய கைதிக் குடியிருப்பை 1888இல் மூடிய பிறகு, தீவுகளைக் கவனிக்க ஏஜெண்டுகளை நியமித்தது. வியாபார உரிமத்துக்குக் கட்டணம் வசூலிப்பது, சில்லறைத் தகராறுகளைத் தீர்ப்பது, நடந்ததையெல்லாம் எழுதி அனுப்புவது, மதுவும் துப்பாக்கியும் கள்ளத்தனமாக உள்ளே வராமல் தடுப்பது ஆகியவை அவர்களுடைய பொறுப்புகள். உள்ளூர்க் கள்ளை மரத்திலேயே விட்டுவிட்டுக் கப்பல் மதுவுக்குக் கரையிலேயே தடை போட்டது அந்த நிர்வாகம். அரசாங்கம் எதற்காகச் செய்திருந்தாலும் அந்தப் பிரிவினையில் நல்ல விவேகம் இருந்தது.

அந்த ஏஜெண்டுகளில் ஒருவர் தமிழர். சென்னைப் பக்கத்திலிருந்து போன வேதப்பன் சாலமன், 1890களின் நடுவில் கார் நிக்கோபாரின் முஸ் கிராமத்தில் உபதேசியாராகவும் அரசாங்க ஏஜெண்டாகவும் குடியேறினார். பள்ளிக்கூடம் நடத்தினார், மருந்து கொடுத்தார், நாட்குறிப்பு எழுதினார். தீவுகளைப் பற்றிய அரசாங்க அறிக்கைகளில் அந்தக் குறிப்புகளிலிருந்து பகுதிகள் அச்சாகியிருக்கின்றன. அவர் கைபிடித்து வளர்த்த மாணவர்களில் ஒருவர்தான் ஜான் ரிச்சர்ட்சன். பின்னாளில் பிஷப்பாகி, 1952இல் முதல் மக்களவைக்கு நியமன உறுப்பினராகப் போனவர். வந்திறங்கும் பாய்க்கப்பலில் என்ன சரக்கு இருக்கிறது என்று பார்க்கும் வேலை ஒரு பள்ளி வாத்தியாரின் தலையில் இருந்த காலம் அது. தமிழில் சாலமனைப் பற்றி இன்னும் நிறைய எழுதப்பட வேண்டும்.

வடக்கே அந்தமானில் கதை வேறு மாதிரி போயிற்று. 1858 மார்ச் 10 அன்று டாக்டர் வாக்கர் 200 கைதிகளுடன் போர்ட் பிளேரில் வந்து இறங்கினார். எதிரே ராஸ் தீவில் அதிகாரிகளுக்குக் கிளப், நடன அரங்கு, டென்னிஸ் மைதானம், பேக்கரி என்று ஒரு குட்டி இங்கிலாந்து எழுந்தது. பீர் முதற்கொண்டு எல்லாம் கப்பலில்தான் வந்தாக வேண்டும். இந்தியாவிலேயே பீர் காய்ச்சும் முயற்சிகள் கசௌலியிலும் நீலகிரியிலும் அப்போதுதான் தொடங்கியிருந்தன. குளிர் இருந்தால்தான் ஊறல் கெடாது என்பதால் மலையைத் தேடிப் போனார்கள். 1857இல் நீலகிரியில் தொடங்கிய காசில் ப்ரூவரி உட்பட ஐந்து ஆலைகளை இணைத்துத்தான் 1915இல் யுனைடெட் ப்ரூவரீஸ் பிறந்தது.

அதே ராஸ் தீவில் 1863இல் பாதிரியார் ஹென்றி கார்பின் பொறுப்பில் அந்தமான் இல்லம் திறக்கப்பட்டது. காட்டிலிருந்து கிரேட் அந்தமானியர்களை அழைத்து வந்து தங்கவைத்துப் பழக்குவது நோக்கம். மதுவே தெரியாத மக்களுக்குப் புகையிலையும் சாராயமும் அறிமுகமாயின. 1870களில் மேகநோயும் தட்டம்மையும் பரவின. சில ஆயிரம் பேர் இருந்த அந்த இனம் 1901 கணக்கெடுப்பில் 625 ஆகவும், 1961இல் வெறும் 19 ஆகவும் சுருங்கியது. அழித்தது பெரும்பாலும் நோய்தான். ஆனால் நோய்க்கு முன்னால் நிற்கும் திராணியைக் குடி அரித்தது. கள் என்ற படிக்கட்டே இல்லாமல் நேராகச் சாராயத்தில் கால் வைத்த சமூகம் அது.

இருபதாம் நூற்றாண்டில் ஆட்கள் வேறு வேறு திசைகளிலிருந்து வந்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் ஊர்ப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். 1918 முதல் சோட்டா நாக்பூர் பகுதியிலிருந்து காட்டு வேலைக்கு வந்த ஆதிவாசிகளை ராஞ்சிக்காரர்கள் என்றே தீவில் சொல்வார்கள். மரம் வெட்டியதும் சாலை போட்டதும் அவர்கள் கை. அவர்களோடு வந்தது ஹண்டியா. சோற்றை ஆறவைத்து, மூலிகை வேர்கள் சேர்த்து உருட்டிய ரானு மாத்திரையைப் பொடித்துக் கலந்து, பானையில் சில நாள் மூடிவைத்தால் வெளுத்த, லேசாகப் புளிக்கும் அரிசி பீர் கிடைக்கும். கர்மா, சர்ஹுல் திருநாள்களில் முன்னோருக்குப் படைத்த பிறகே குடிப்பார்கள். சட்டத்தின் கண்ணில் அது கள்ளச்சாராயக் கணக்கில் சேர்கிறது. ஹண்டியா ஊறலைக் கைப்பற்றிக் கொட்டியழித்ததாக அந்தமான் போலீஸ் அறிக்கைகளில் வருவது வழக்கம். அரசாங்கமோ 1988இல் அனிட்கோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் தீவுகள் வளர்ச்சிக் கழகத்தை ஏற்படுத்தி, பெட்ரோல், பால் விற்பனையோடு பாட்டில் மதுவையும் அதன் கையில் கொடுத்தது. சுடுமண் பானையில் ஊறிய அரிசி பீருக்கு வழக்கு, மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த பாட்டிலுக்கு உரிமம் என்பது நியாயமாகப் படவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை நிக்கோபாரைப் புரட்டிப்போட்டது. 2001இல் 42,068 ஆக இருந்த மாவட்ட மக்கள்தொகை 2011இல் 36,842. ஆட்கள் மட்டுமல்ல, தென்னைகளும் பன்றிகளும் கடலோடு போயின. புதிதாக வைத்த தென்னை பலன் கொடுக்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை கள்ளும் இல்லை, கொப்பரை வருமானமும் இல்லை. அந்த இடைவெளியில் நிவாரணப் பணம் ரொக்கமாக வந்தது. தூஹெத்தை அறியாத அரசும் தொண்டு நிறுவனங்களும் தனிக்குடும்பக் கணக்கில் அதைப் பங்கிட்டன. நங்கௌரித் தீவுகளில் பல்லாண்டு ஆய்வு செய்த சிம்ரன் ஜித் சிங், ஆழிப்பேரலைக்குப் பிறகு மது நுகர்வு வெகுவாகக் கூடியதை எழுதியிருக்கிறார். 2014இல் வந்த ஓர் ஆவணப்படம் இந்த நிவாரணத்தையே இரண்டாம் வெள்ளம் என்றது. மரம் வைத்திருந்த கணக்கு மரத்தோடு போய்விட்டது. சீவினால் காய் குறையுமே என்ற தயக்கத்துக்குப் பாட்டிலில் இடமில்லை.

அதைவிடக் கொடியது 2008 டிசம்பரில் லிட்டில் அந்தமானின் டூகாங் கிரீக்கில் நடந்தது. கரையொதுங்கிய கலத்தில் இருந்த திரவத்தை மது என்று நம்பிக் குடித்த ஓங்கே ஆண்கள் எட்டுப் பேர் இறந்தார்கள். மொத்தம் நூறு பேர் அளவில்தான் அந்த இனமே இருக்கிறது. 1956 முதல் இருக்கும் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டு, காப்பிடங்களுக்குள் மது கொண்டு செல்வது ஏழாண்டு வரை சிறைக்குரிய குற்றமாயிற்று.

தீவுகளை விட்டு மெயின்லேண்டுக்கு வந்தால், குடியிருப்புப் பகுதிக்குள் ஒரு மதுக்கூடம் திறந்தால் அக்கம்பக்கத்தார் என்ன சொல்கிறார்கள் என்பது இப்போது எல்லா ஊர்களிலும் அடிபடும் பேச்சு. 2009இல் புனேயில் டூலாலி, 2010இல் பெங்களூர் இந்திராநகரில் டாய்ட் என்று கிராஃப்ட் பீர் கூடங்கள் வந்தன. அங்கேயே காய்ச்சி, வடிகட்டாமல், புதிதாக அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் பீர் அது. தொலைதூரம் போகாது, நெடுநாள் தாங்காது. அந்த வகையில் அது பாட்டில் பீரைவிடக் கள்ளுக்குத்தான் நெருங்கிய உறவு. இந்திராநகர்வாசிகளின் கோபம் பீரின் மேல் இல்லை. நள்ளிரவு இசை, வாசலை அடைத்து நிற்கும் கார்கள், தங்களைக் கேட்காமலே தெரு மாறிப்போனது ஆகியவைதான் அவர்கள் அடுக்கும் புகார்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. பாட்டிலை 2003 முதல் டாஸ்மாக் என்ற அரசு நிறுவனமே சில்லறையில் விற்கிறது. நெடுஞ்சாலைக் கடைகளை அகற்றும்படி உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, அவை ஊருக்குள் வரத் தொடங்கியதும் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மறியல் செய்த பெண் ஒருவரைப் போலீஸ் அதிகாரி அறைந்த காட்சியை நாடே பார்த்தது. கடை வேண்டாம் என்று கிராம சபைகள் போட்ட தீர்மானங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன.

தீவுகளில் இந்தக் கேள்வி அடுத்து எழப்போவது கிரேட் நிக்கோபாரில். சுமார் 72,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், நகரியம், சுற்றுலா விடுதிகள் எல்லாம் வரவிருக்கின்றன. எட்டாயிரம் பேர் அளவில் வாழும் தீவில் மூன்றரை லட்சம் பேரை எதிர்பார்க்கிறார்கள். துறைமுக நகரம் வந்தால் மதுக்கூடமும் வரும், இதில் ஆரூடம் எதுவும் தேவையில்லை. திட்டத்தை நடத்தும் பொறுப்பு அனிட்கோவிடம் இருக்கிறது. ஷோம்பென் மக்களின் காடும் நிக்கோபாரிகளின் பழைய கடற்கரை ஊர்களும் அதே நிலத்தில் இருக்கின்றன. பேரலைக்குப் பிறகு மேற்குக் கரையிலிருந்தும் தென்கரையிலிருந்தும் பெயர்க்கப்பட்ட நிக்கோபாரிகள் இன்னும் காம்ப்பெல் பே அருகே ராஜீவ் நகர், புதிய சிங்கென் குடியிருப்புகளில்தான் இருக்கிறார்கள். பழைய ஊருக்குத் திரும்ப வேண்டும், விட்டுவந்த தோப்பைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே வருகிறார்கள். திட்டத்துக்கு முதலில் ஆட்சேபமின்மைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட பழங்குடி மன்றம், எந்தெந்த நிலம் போகிறது என்பது முழுதாகச் சொல்லப்படவில்லை என்று அதே 2022 நவம்பரில் அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.